‘ங்க’ போட்டுச் சொன்ன வசவு

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள் என்று மதுரையிலிருந்து வந்து என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். திருப்பூருக்கு வந்த முதல் வாரம் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் இடத்துக்காகச் சண்டை போட்டதைப் பார்த்தாராம். “உங்களுக்கு அறிவு இருக்கிறதுங்களா?” என்று ஒருவர். “உங்களிடம்தானுங்க கடன் வாங்க வேண்டும்” என்று மற்றவர். எங்கள் பக்கமாக இருந்தால் இந்நேரம் சட்டை கிழிந்திருக்கும் என்பார் நண்பர்.

காங்கேயத்துக்குத் தெற்கே பிறந்து வளர்ந்தவன் நான். இந்த ‘ங்க’வில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. பள்ளிக்கூடம் போகும் பேரனைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடும் ஊர் இது. (பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றித்தான் எழுதுகிறேன். ‘ங்க’வை மட்டும் விட மனம் வரவில்லை.)

அந்தக் கர்வத்தில் ஓட்டை போட்டவர் ஒரு கல்யாணத் தரகர். என் தம்பிக்குப் பார்த்த ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். தம்பி என்றால் சித்தப்பா மகன். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்து, துண்டால் வாயைத் துடைத்து, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பையன் தங்கமான பையனுங்க. சம்பளமும் குறையில்லை. ஆள்தான் ஒன்பது என்று சொல்லிக்கொள்கிறார்களுங்க.”

மூன்று வாக்கியம், இரண்டு ‘ங்க’. ஈட்டி முனையில் சந்தனம் தடவிக் குத்தியதுபோல இருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இன்னொரு டம்ளர் மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஆண்மை இல்லாதவன் என்று கேலி செய்ய வைத்திருக்கும் அந்தச் சொல் எனக்குப் புதியதில்லை. நானே நன்றாகப் பழகிய சொல்.

1990இல் பத்தாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் யாருக்கு விழுந்ததோ அவன் அந்த வருடம் முழுக்கச் செத்தான். எட்டு என்று கூப்பிட்டு ‘உள்ளேன் ஐயா’ வந்த உடனேயே பெஞ்சுகளில் கிளுகிளுப்பு தொடங்கிவிடும். ஆசிரியர் நல்லவர். அந்தப் பையனைக் காப்பாற்ற நினைத்து, எண்ணைச் சொல்லாமல் ‘எட்டுக்கு அடுத்தது’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சிரிப்பு இரண்டு மடங்கானது.

ஆனால் அந்தச் சொல் உண்மையில் ஒட்டியது வேறொருவன்மேல். அவன் எண் 23. மெல்லிய குரல், கபடி ஆடமாட்டான், தைப்பொங்கலுக்கு அவன் வீட்டு வாசலில் அவன்தான் கோலம் போடுவான். இவ்வளவு போதும். ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் அவனுக்குப் பின்னால் நின்ற நான், அவனுடைய வெள்ளைச் சட்டை முதுகில் சாக்பீஸால் 9 என்று எழுதினேன். மாலையில் அப்படியே ஊர் வழியாக நடந்து போனான். ஊரே பார்த்தது.

2019இல் தாராபுரத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ‘அப்படி’ எதுவும் இல்லாதவர், எப்போதும் இருந்ததில்லை. பேச்சுக்கு நடுவில் அந்தச் சட்டை விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, “நீங்கள் எழுதியது எதுங்க?” என்றார். “வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது எழுதுவார்கள். துவைக்கும்போது அம்மா கேட்பாள், இது என்ன நம்பர் சாமி என்று. பரீட்சை நம்பர் என்று சொல்லிவிடுவேன்.” பிறகு எனக்கு டீ சொன்னார். காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. அவர் மன்னித்துவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் எத்தனை பேரை அடைத்தோம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பெண்ணாக உணர்ந்து பெண்ணாக வாழும் திருநங்கை, ஆணாகவே உணர்ந்து இன்னோர் ஆணை நேசிப்பவன், மெல்லிய குரல்காரன், சண்டைக்கு வராதவன், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடப் பயந்தவன். இவர்களுக்குள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஒரு திருநங்கையின் விஷயம் தான் யார் என்பது. என் தம்பியின் விஷயம் தான் யாரை விரும்புகிறோம் என்பது. வசவுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

திருநங்கைகள் விஷயத்திலாவது ஒரு சொல் இன்னொரு சொல்லை வாயிலிருந்து தள்ளுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருணாநிதி ‘திருநங்கை’ என்ற சொல்லைப் பரவலாக்கினார். 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. பிறகு அடையாள அட்டை வந்தது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அது திருநங்கைகளுக்கும் நீண்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் அந்தச் சொல்லைச் சத்தமாக, சாதாரணமாகச் சொல்லி டிக்கெட் கிழிப்பதைக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததில்லை அது. சொல்லோடு ஓர் அட்டையும் ஒரு டிக்கெட்டும் சேர்ந்து வந்தன. அலுவலக ஜன்னலில் புழங்கும் சொல்தான் டீக்கடைக்கு வந்து சேர்கிறது. மனது மாறிவிட்டதா என்றால், பஸ்ஸில் அவர்களுக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. அதையும் பார்த்திருக்கிறேன்.

தம்பியைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை. பத்திரிகைகள் பல வருடமாக எழுதிவந்தது ‘ஓரினச்சேர்க்கையாளர்’. எழுதியவர்கள் அதை வசவாக நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தச் ‘சேர்க்கை’யைப் பாருங்கள். ஒரு மனிதனின் வேலை, பயம், ஆசை, யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கப் பிடிக்கும் என்பதெல்லாம் போய், படுக்கை ஒன்றுதான் மிச்சம். என் மனைவியையும் என்னையும் ஒரு கல்யாணத்தில் ‘இவர்கள் இருபால் சேர்க்கையாளர்கள்’ என்று அறிமுகப்படுத்தினால் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் மெதுவாக வந்தது. அதற்குப் பின்னால் நீதிமன்றமும் இருக்கிறது. மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிய இரண்டு இளம்பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருப்பதாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பெழுத வந்தார். நீதிபதி ஒருவர் எனக்குத் தெரியவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னது எனக்குத் தீர்ப்பைவிடப் பெரிதாகப் பட்டது. இவர்களை எந்தச் சொற்களால் குறிப்பிடுவது என்ற கேள்வியும் அந்த வழக்கில் எழுந்து, 2022 ஆகஸ்டில் அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆணை விரும்பும் ஆணுக்கு ‘நம்பி’ என்று சொல்வோரும் உண்டு. அழகான பழந்தமிழ்ச் சொல். ஆனால் எங்கள் பக்கம் நம்பி என்றால் நம்பியூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுதான் கேட்பார்கள்.

ஆக, தெருவில் ஒரு சொல் இருக்கிறது, அரசிதழில் ஒரு சொல் இருக்கிறது. அடுப்படியில் ஒன்றும் இல்லை. பெற்றவள் தன் பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல ஒரு சொல் வேண்டாமா?

என் பங்குக்கு நானும் ஒரு சொல்லைக் கெடுத்து வைத்தேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் ஐரோப்பியப் பையர்கள் ஆர்டர் கொடுக்குமுன் ஆடிட் வருவார்கள். தீயணைப்புக் கருவி, கழிப்பறை, வேலை நேரம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நடத்தை விதிகளைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் சுவரில் மாட்ட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மதம், சாதி, பாலினம், வயது என்று வரிசையாக வந்தேன். அடுத்த சொல்லில் பேனா நின்றது. ஒருவர் எந்தப் பாலினத்தவரை நோக்கி ஈர்க்கப்படுகிறார் என்பதைச் சொல்லும் சொல் அது. யாரைக் கேட்பது? கேட்டால் எனக்கு ஏன் தெரிய வேண்டும் என்பார்களே. கடைசியில் ‘பாலியல் பழக்கம்’ என்று எழுதிவிட்டேன். “பாலியல் பழக்கத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டமாட்டோம்.” அச்சடித்து, ஃபிரேம் போட்டு, ‘புகை பிடிக்காதீர்கள்’ என்ற பலகைக்குப் பக்கத்தில் மாட்டினோம். மூன்று ஆடிட் முடிந்து நான்கு வருடம் தொங்கியது.

2017இல் தம்பி ஒரு வேலையாக கம்பெனிக்கு வந்தான். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் வேலை அவனுக்கு. எனக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பலகையைப் படித்திருக்கிறான். நான் வந்ததும் சிரித்துக்கொண்டே, “அண்ணா, பழக்கம் என்றால் விட்டுவிடலாமுங்களே?” என்றான். பக்கத்துப் பலகையைப் பற்றிக் கேலி செய்கிறான் என்று நினைத்து, “நீதான் சிகரெட்டே பிடிப்பதில்லையே” என்றேன். அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தில் வானவில் பட்டை போட்ட டி-ஷர்ட் ஆர்டர் வரும். ஜூன் மாதம் அங்கே இவர்களுடைய விழா மாதம். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற வேண்டும். முதல் முறை டிசைனைப் பார்த்த பிரிண்டிங் மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வானவில்லுக்கு ஏழு கலருங்க. இதில் ஆறுதான் இருக்கிறது. பையரிடம் கேட்டுவிடுங்கள், பிறகு ரிஜக்ட் பண்ணினால் நம் தலையில் விழும்.” நியாயமான கேள்வி. தொழில் தெரிந்தவர்.

அந்தக் கொடியின் கதையைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர் வடிவமைத்தபோது எட்டு நிறம் இருந்தது. பளிச்சென்ற ரோஸ் நிறத் துணி போதிய அளவு கிடைக்காததால் அது முதலில் போனது. அடுத்து ஊர்வலத்துக்காக இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்க வசதியாக இன்னொன்றும் போய், ஆறில் நின்றது. சாயப்பட்டறை ஊரில் இதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் ரசித்திருப்பார்கள். துணி கிடைக்காமல் டிசைனை மாற்றுவது எங்களுக்குத் தினசரிக் கதை. நான் சொல்லவில்லை. “குழந்தைகள் டிசைன், ஆறு போதும்” என்றேன்.

அந்த ஆர்டரில் கழிந்த செகண்ட்ஸ் காதர்பேட்டைக்குப் போனது. அங்கிருந்து எங்கெங்கோ. ஒரு பங்குனி வெயிலில் ஊருக்குப் போனால், எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறார், மார்பில் ஆறு நிறப் பட்டை, அதன்கீழ் காதல் எதுவானாலும் காதலே என்று ஆங்கில எழுத்து. நூறு ரூபாய்க்கு வாங்கினாராம். பருத்தி நல்ல பருத்தி என்று என்னிடமே பாராட்டினார். உலகத்தின் கொடியை நாங்கள் தைக்கிறோம், உடுத்துகிறோம், வியர்வை துடைக்கிறோம். அது என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை, உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் முதுகெலும்பை உடைத்தது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தி, 2013இல் உச்ச நீதிமன்றமே மறுபடி இறுக்கி, ஐந்து நீதிபதிகள் சேர்ந்து கடைசியாக அவிழ்த்த முடிச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். தேதியைப் பார்த்தால் ஒன்பது. கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

அவிநாசி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வியாழக்கிழமை பேப்பர், டிவி எல்லாவற்றிலும் வந்ததே, அது என் கேஸுங்க அண்ணா” என்றான். எனக்குப் பகீரென்றது. காட்டு வரப்புத் தகராறு ஏதோ கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். எந்த சர்வே நம்பர் என்று கேட்டேன். அவன் காரை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “வேறு யாரிடமும் சொல்லிவிடாதே.”

இந்தத் தலைமுறை நம்மைவிட மேல் என்று சொல்லுகிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பையன்கள் ‘ஒன்பது’ என்று சொல்வதில்லை. அதற்குப் பதில் ஆங்கிலத்தில் ‘கே’ என்கிறார்கள். சட்டை இறுக்கமாக இருந்தால் கே, நண்பன் தோளில் கை போட்டால் கே. சினிமா நகைச்சுவையிலிருந்து கிளம்பிய ஒரு கேள்வி வேறு இருக்கிறது. உங்களுக்கே தெரியும், எழுதத் தேவையில்லை. சொல்லைக் கழுவி வைத்தால் மறுநாளே அதே அழுக்கு ஏறிக்கொள்கிறது. மாணிக்கவாசகர் இறைவனைப் பெண், ஆண், அலி என்று மூன்றாகவும் பாடினார். அதில் மூன்றாவது சொல் எங்கள் தெருவுக்கு வந்தபோது கல்லெறிய மட்டுமே பயன்பட்டது.

வெள்ளைக்காரர்கள் பக்கம் நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. ‘குயர்’ என்பது ஒரு காலத்தில் வசவு. அடிபட்டவர்களே அதைப் பிடுங்கித் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், தன் துணையோடு வாழ விரும்பிய ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டு, கல்யாணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை என்றும் சொன்னார்கள். அதே தீர்ப்பில், விசித்திரமானது என்று அகராதி பொருள் சொல்லும் ‘குயர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். எனக்கு அவர்களுடைய சங்கடம் புரிந்தது. தம்பியிடம் கேட்டேன், நீங்களும் ‘ஒன்பதை’ அப்படிப் பிடுங்கிக்கொள்ளலாமே என்று. “நாங்கள் நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. நீங்கள் சொல்லக் கூடாதுங்க” என்றான். ‘கூடாது’ என்பதில் ஒரு கடுமை, ‘ங்க’வில் ஒரு சிரிப்பு.

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட விதம் எங்கள் நாட்டுக்கே உரியது. கொங்கு நாட்டில் முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆண்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைத்த வீடுகளின் பாவம், இப்போது பெண் கிடைக்காமல் அலைகிறோம். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எனவே இன்னும் ஆகவில்லையா என்று யாராவது கேட்டால், “எங்கே, பெண் கிடைத்தால்தானே?” என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கேட்டவரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார். அதற்குள் பதுங்கிக் காலத்தை ஓட்டினான். பிறக்கவிடாத பெண்களின் நிழலில் அவன் ஒதுங்கி நின்றான் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு கூசும்.

2021இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது தோட்டத்து வீட்டில் பல மாதம் இருந்தான். அப்போது சின்னம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான். மறுநாள் விடியுமுன் எனக்கு போன்.

“உனக்கு முன்னமே தெரியுமா கண்ணு?”

“தெரியும் சின்னம்மா.”

“எத்தனை வருடமாக?”

“மூன்று வருடம் இருக்கும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மூன்று வருடமாக நான் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஈரோடு, கரூர் என்று அலைந்தேனே. கார் வாடகையாவது மிச்சமாகியிருக்கும்.”

பாவம் என்றோ தெய்வக் குற்றம் என்றோ சின்னம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் இந்த விஷயத்தில் வேதத்தை யாரும் எடுப்பதில்லை. கேள்வி எல்லாம் மண்ணைப் பற்றியது. ஐந்து ஏக்கர் தென்னை, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, இதெல்லாம் யாருக்கு? நான் போனால் கொள்ளி வைப்பான், அவன் போனால்? குலதெய்வம் கோயிலில் வரி கொடுப்பது யார் பெயரில்? கல்யாணம் என்பது எங்களுக்கு இரண்டு பேர் சமாசாரம் இல்லை, பத்திரப் பதிவு மாதிரி ஒன்று. 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த செய்தி வந்தபோது, சின்னம்மா கேட்டது ஒன்றுதான்: “அப்படியென்றால் அந்தக் கோவைத் தம்பியை நாமினியாகக்கூடப் போட முடியாதா?” போட முடியும், வாரிசு ஆக முடியாது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கோவைத் தம்பி என்பது அவனோடு இருப்பவர்.

அதற்கு முன்னால் அவளும் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டாள். ஜோதிடர் பரிகாரம் சொன்னார். நகரத்து மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதி, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கியது 1990இல், நான் சட்டையில் 9 எழுதிய வருடம். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அதையே சொல்லிவிட்டது. இப்படி ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஜூன் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாத்திரைச் சீட்டை நான் கிழித்துப் போட்டேன். வருடம் முப்பது கழித்துச் செய்த ஒரே நல்ல காரியம்.

கடைசியாகக் கோயிலில் பூவாக்குக் கேட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமிமுன் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பது. என்ன கேட்டாள், எந்தப் பூ வந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஜாதகக் கட்டை மட்டும் பரண்மேல் போட்டுவிட்டாள். உறவில் யாராவது பெண் இருக்கிறது என்று வந்தால், “அவன் அவனாட்ட இருக்கட்டுமுங்க” என்பாள். ‘ஆட்ட’ என்றால் எங்கள் பக்கம் ‘மாதிரி’. அகராதியிலும் இல்லாத, அரசிதழிலும் இல்லாத, அவளே கண்டுபிடித்த சொல்.

2018 தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, வரலாறு இவர்களிடமும் இவர்களுடைய குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பத்தாரிடமும் என்று அவர் சேர்த்ததை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். வரலாறு எங்கள் சின்னம்மா வீட்டு வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

2024 ஆவணி. காங்கேயத்தில் ஒரு மண்டபம். சித்தப்பாவின் மூத்த பங்காளி வீட்டுக் கல்யாணம். சின்னம்மாவுக்கு அவர் மச்சாண்டார் முறை. மச்சாண்டார் வந்தால் எழுந்து நிற்பாள், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள், நேராக முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. இணைச்சீர் முடிந்து பந்தி நடக்கிறது. தம்பி சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருக்கிறான். பெரியவர் இலைக்கு வந்தபோது அவனைப் பார்த்து, எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பந்தியில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பரிமாறுகிறவரும் ஒன்பதுங்க.”

சிரித்தார்கள். ஓரிருவர்தான். மற்றவர்கள் இலையைப் பார்த்தார்கள். நானும் இலையைப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முன்பாக இருந்தால் முழுப் பந்தியும் சிரித்திருக்கும். மாற்றம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த மண்டபத்தில் அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த வரிசைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த சின்னம்மா ஜக்கைக் கீழே வைத்தாள். நேராக வந்து அவர் இலைக்கு முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள்.

“சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு” என்றாள்.

அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. வெளியூர்க்காரர்கள் அந்தப் பந்தியில் இருந்திருந்தால் ஏதோ உபசாரம் என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அப்படியில்லை. சொல்லின் முடிவில் வர வேண்டிய ‘ங்க’ வராமல் போனது எங்கள் எல்லோர் காதிலும் அறைந்தது. ஐம்பது வருடப் பழக்கத்தில் அந்த மனிதரிடம் ஒரு பெண், அதுவும் தம்பி முறையான பங்காளியின் மனைவி, ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை. பெரியவரின் கை சோற்றிலேயே நின்றது. தம்பி மட்டும் நிற்கவில்லை. அவருக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு, “போதுங்களா?” என்று கேட்டு, அடுத்த இலைக்குப் போனான்.

திரும்பி வரும்போது காரில் சின்னம்மா, “அந்த கவர்மெண்ட் சொல் என்னவோ சொன்னாயே கண்ணு, அது என்ன?” என்றாள். தன்பாலீர்ப்பு என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “நாக்கில் நிற்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மாதம் பொதுக் கிணற்று மோட்டார் விஷயமாகப் பெரியவர் தோட்டத்துக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். சின்னம்மா வழக்கம்போல எழுந்து நின்றாள், காப்பி கொடுத்தாள். அவர் பாதி காப்பியைக் குடித்துவிட்டு, “தம்பி நன்றாக இருக்கிறாருங்களா?” என்று கேட்டார். பொதுவாக அவன் என்று சொல்பவர்.

“இருக்கிறானுங்க” என்றாள்.

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. சொசைட்டியில் பால் விலை பற்றிப் பேசினார்கள்.